ரெண்டு குடோன்... ரெண்டு கடைப்பையன்!



பிராஜெக்ட் ரிவ்யூ, ரெக்கார்ட் நோட், வைவான்னு எல்லாரும் தலையைப் பிச்சுக்கிட்டு இருக்கிற நேரம் இது. இந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுல இருக்கிற பழைய கம்ப்யூட்டரும் தன் வேலையைக் காட்டும். பிரவுசர்ல பத்து டேப், பக்கத்துல ஒரு பிடிஎஃப், லிப்ரே ஆபீஸ்ல பாதி முடிஞ்ச ரிப்போர்ட்... அவ்வளவுதான். மவுஸ் அப்படியே நின்னுடும். ஹார்ட் டிஸ்க் லைட் மட்டும் விடாம மினுக்கிக்கிட்டே இருக்கும். 'இதைக் காயலான் கடையில போட்டுட்டுப் புதுசு வாங்கித் தாங்க'ன்னு அப்பாகிட்ட கேட்கலாம். ஆனா ஃபீஸ் கட்டின கையோட அதைக் கேட்க யாருக்குத் தைரியம் வரும்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை 2025 அக்டோபர் 14-ல மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11-ஐப் போடலாம்னா, நம்ம வீட்டுப் பழைய மெஷின்கள்ல பாதிக்கு அதுக்கான தகுதியே கிடையாது. அதனால நிறையப் பேர் லினக்ஸ் பக்கம் வர்றாங்க. வந்ததும் முதல்ல முட்டிக்கிற கேள்வி, 'ஸ்வாப் எவ்வளவு வைக்கணும்? எந்த டிஸ்க்ல வைக்கணும்? ரெண்டு டிஸ்க் இருந்தா ரெண்டுலயும் வைக்கலாமா?' இந்த வாரம் அந்த மேட்டரைத்தான் பிரிச்சு மேயப்போறோம்.

அண்ணாச்சியும் குடோனும்

ஸ்வாப்னா என்ன? நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கம் ஒரு மளிகைக்கடையை நினைச்சுக்கங்க. அண்ணாச்சி முன்னாடி ஒரு மேசை. சின்னதுதான். ஆனா சர்க்கரை, பருப்பு, எண்ணெய் எல்லாம் கை எட்டுற தூரத்துல இருக்கும். கேட்ட அடுத்த நொடி எடுத்துக் கொடுத்துடுவார். அண்ணாச்சிதான் பிராசஸர். மேசைதான் ரேம்.

திடீர்னு புதுசா ஒரு லோடு சரக்கு வந்து இறங்குது. மேசையில இடமில்லை. என்ன பண்ணுவார்? ரொம்ப நேரமா யாரும் கேட்காத பொருளைக் கடைப்பையன் கையில கொடுத்து, பின்னாடி குடோனுக்கு அனுப்பிடுவார். அப்புறம் யாராவது அதைக் கேட்டா, பையன் ஓடிப்போய் எடுத்துட்டு வருவான். அந்தக் குடோன்தான் ஸ்வாப். ஓடுற பையன்தான் டிஸ்க். சாதாரண பிசியில இந்தச் சரக்கு எல்லாம் 4 கேபி பொட்டலமா இருக்கும். அதுக்குப் பேரு 'பேஜ்'.

பையன் எவ்வளவு வேகம்? இங்கதான் ஷாக். ரேம்ல இருந்து ஒரு தகவலை எடுக்க சுமார் 100 நானோ செகண்ட். எஸ்எஸ்டியில சுமார் 100 மைக்ரோ செகண்ட். பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க்ல சுமார் 10 மில்லி செகண்ட். இது புரியலைன்னா இப்படி வச்சுக்கங்க. அண்ணாச்சி மேசையில இருந்து எடுக்க 1 செகண்ட் ஆகுதுன்னா, எஸ்எஸ்டி பையன் போயிட்டு வர 17 நிமிஷம். ஹார்ட் டிஸ்க் பையன் போயிட்டு வர 27 மணி நேரத்துக்கும் மேல! இன்னிக்குக் கேட்ட புளிக்கு நாளைக்குச் சாயங்காலம்தான் பதில்.

அப்படின்னா குடோனே வேண்டாமேன்னு தோணுதா? குடோனும் இல்லாம மேசையும் நிறைஞ்சு போச்சுன்னா, லினக்ஸ் கெர்னல் ஒரு ஆளைக் கூப்பிடும். பேரு 'அவுட் ஆஃப் மெமரி கில்லர்'. பேருக்கு ஏத்த மாதிரியே, பெரும்பாலும் அதிக மெமரியைப் பிடிச்சு வச்சிருக்கிற புரோகிராமைப் பார்த்து ஒரே போடு. ராத்திரி முழுக்க ஓடவிட்ட சிமுலேஷன் காலையில காணாமப் போறது, சேவ் பண்ணாத ரிப்போர்ட்டோட விண்டோ பொசுக்குனு மறையுறது... எல்லாம் பல நேரம் இந்த ஆளோட வேலைதான்.

2 எம்பிக்காரருக்காகப் பிறந்தது

லினக்ஸ்ல ஸ்வாப் எப்படி வந்துச்சுங்கிற கதை நம்மளை மாதிரி பழைய மெஷின்காரங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். 1991-ல லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். வயசு 21. அவர்கிட்ட இருந்த 386 மெஷின்ல 4 எம்பி ரேம் இருந்தது (ஜிபி இல்லை பாஸ், எம்பி!). ஜெர்மனியில ஒருத்தர்கிட்ட இருந்ததோ வெறும் 2 எம்பி. அதுல லினக்ஸ் கெர்னலை கம்பைல் பண்ண முடியலை. கம்பைலருக்கே மெமரி பத்தலை. அந்த மனுஷர் உதவி கேட்க, லினஸ் கிறிஸ்துமஸ் லீவுல உட்கார்ந்து, ரேம் நிறைஞ்சா டிஸ்க்குக்குத் தள்ளுற வசதியை எழுதினார். 1992 ஜனவரியில வந்த 0.12 வெர்ஷன்ல அது சேர்ந்தது. லினக்ஸுக்கு அப்பாவான மினிக்ஸ்ல அந்த வசதி கிடையாது.

ஆக, ஸ்வாப்ங்கிறது பணக்கார சர்வருக்காக வந்த சமாச்சாரம் இல்லை. காசு இல்லாதவங்க மெஷினுக்காக, ஒரு காலேஜ் ஸ்டூடண்ட் லீவு நாள்ல எழுதிக் கொடுத்தது.

நம்ம ஊர்ப்பக்கமும் இந்தக் கதை தொடர்ந்தது. தமிழ்நாடு அரசு 2011-ல விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ, அதுல 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸோட 'பாஸ் லினக்ஸ்' சேர்ந்தே வந்தது. சி-டாக் சென்னையில உருவாக்கி 2007-ல வெளியிட்ட, டெபியனை அடிப்படையா வச்ச லினக்ஸ் அது. 2 ஜிபி ரேம்ல இன்னிக்கு ஒரு பிரவுசரைத் திறந்தாலே மூச்சு வாங்கும். அந்த லேப்டாப் இன்னும் உங்க அக்கா, அண்ணன் அலமாரியில தூங்குதுன்னா, இந்தக் கட்டுரை அதுக்கும்தான்.

ரெண்டு குடோன் இருந்தா?

இப்போ மெயின் மேட்டர். கடைக்கு ரெண்டு குடோன், ஆளுக்கு ஒண்ணா ரெண்டு பையன்கள். ஒருத்தன் பருப்பு எடுக்க ஓடும்போதே இன்னொருத்தன் எண்ணெய் எடுக்க ஓடலாம். வேலை பாதி நேரத்துல முடியும். இதைத்தான் லினக்ஸ் பண்ணுது. ரெண்டு டிஸ்க்ல ஸ்வாப் வச்சு, ரெண்டுக்கும் ஒரே 'பிரயாரிட்டி' நம்பரைக் கொடுத்துட்டா, கெர்னல் பேஜ்களை மாத்தி மாத்தி ரெண்டுக்கும் பங்கு போட்டு அனுப்பும். இதுக்குன்னு தனியா ரெய்டு எதுவும் அமைக்க வேண்டாம். கெர்னலுக்குள்ளேயே இருக்கு.

ஆனா ஒரு ட்விஸ்ட். நீங்க நம்பரே கொடுக்காம சும்மா ரெண்டு ஸ்வாப் வச்சா, கெர்னல் தானா மைனஸ் நம்பர் கொடுக்கும். அதுவும் ஒண்ணைவிட ஒண்ணு குறைச்சலா. அப்போ என்ன ஆகும்? முதல் குடோன் முழுசா நிறையுற வரைக்கும் ரெண்டாவது பையன் பீடா கடையில நின்னு வேடிக்கை பார்ப்பான். ரெண்டு டிஸ்க்கைப் போட்டும் வேகம் கூடலையேன்னு புலம்புறவங்கள்ல பல பேருக்கு நடக்கிறது இதுதான்.

இதுல நாலு விதியை மனசுல வச்சுக்கங்க.

ஒண்ணு: ஒரே மாதிரி டிஸ்க்குன்னா ஒரே நம்பர். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ரெண்டு இருந்தா ரெண்டுக்கும் 10. அளவு வேற வேறயா இருந்தாலும் பரவாயில்லை. சின்னது நிறைஞ்சதும் மிச்சம் பெரிசுக்குப் போகும்.

ரெண்டு: வேற வேற வேகம்னா வேற வேற நம்பர். எஸ்எஸ்டிக்கு 20, ஹார்ட் டிஸ்க்குக்கு 10-ன்னு கொடுங்க. பெரிய நம்பருக்குத்தான் முதல் மரியாதை. ரெண்டுக்கும் ஒரே நம்பர் கொடுத்தா, பாதிச் சரக்கு 17 நிமிஷப் பையன்கிட்டயும் மீதி 27 மணி நேரப் பையன்கிட்டயும் போய் மாட்டிக்கும். எஸ்எஸ்டி வாங்கின காசே வேஸ்ட்.

மூணு: ஒரே ஹார்ட் டிஸ்க்ல ரெண்டு பார்ட்டிஷன் போட்டு ரெண்டுக்கும் ஒரே நம்பர் கொடுக்காதீங்க. அது ஒரே பையனை ரெண்டு குடோனுக்கும் ஓடவிடுற மாதிரி. டிஸ்க்கோட ஹெட் அங்கேயும் இங்கேயும் அலைஞ்சே நேரம் போயிடும். இருந்ததைவிட மோசம்.

நாலு: பென் டிரைவ்ல ஸ்வாப் வேண்டவே வேண்டாம். வேகமும் இருக்காது, யாராவது தெரியாம உருவிட்டா, அதுல பேஜ் வச்சிருந்த புரோகிராம் எல்லாம் அப்போவே காலி.

மூணாவது டிஸ்க் ஏன் வேண்டாம்?

நெல்லித்தோப்புல எங்க தெருமுனையில ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடை இருக்கு. சப்மிஷன் வாரம் வந்துட்டா ஸ்பைரல் பைண்டிங்குக்கு வாசல் வரைக்கும் கூட்டம் நிக்கும். கடை அண்ணன்கிட்ட இருக்கிறது 4 ஜிபி ரேம், லினக்ஸ் மின்ட். 150 பக்க ரிப்போர்ட்டைத் திறந்து, கிம்ப்ல போட்டோ வெட்டி, பிரவுசர்ல மெயில் பார்த்தா சிஸ்டம் படுத்துடும். போன செமஸ்டர்ல ஒரு பையனோட ரிப்போர்ட்டை அலைன் பண்ணிட்டு இருக்கும்போதே விண்டோ மறைஞ்சு போச்சு. மறுநாள் காலையில அவனுக்கு வைவா. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அண்ணனும் அவனும் உட்கார்ந்து நாப்பது பக்கத்தைத் திரும்ப அடிச்சாங்க.

அந்த மெஷின்ல ஏற்கெனவே ஒரு 500 ஜிபி டிஸ்க். பழைய கம்ப்யூட்டர்கள்ல இருந்து கழற்றின 500 ஜிபி டிஸ்க் இன்னும் ரெண்டு டிராயர்ல கிடந்தது. அண்ணன் குஷியாயிட்டார்.

"மூணுலயும் ஸ்வாப் போட்டா மூணு மடங்கு வேகம்தானே தம்பி?"

"இருங்கண்ணே, முதல்ல ஹெல்த் பார்ப்போம்."

'ஸ்மார்ட்சிடிஎல்'னு ஒரு கருவி இருக்கு. டிஸ்க் தன் உடம்பைப் பத்தி எழுதி வச்சிருக்கிற மெடிக்கல் ரிப்போர்ட்டை அது படிச்சுக் காட்டும். அதுல 'ரீஅலோகேட்டட் செக்டர்', 'பெண்டிங் செக்டர்'னு ரெண்டு வரி முக்கியம். ரெண்டுமே 0-வா இருக்கணும். டிராயர் டிஸ்க் ஒண்ணுல ரெண்டுமே 0. இன்னொண்ணுல பெண்டிங் செக்டர் 41. அதாவது, 41 இடத்துல எழுதினதைத் திரும்பப் படிக்க முடியாம டிஸ்க் திணறுது.

"அதான் பெரிய டிஸ்க்காச்சே, 41 இடம்தானே போச்சு?"

இங்கதான் ஸ்வாப்போட சூட்சுமம் இருக்கு. ரெண்டு டிஸ்க்குக்கும் பங்கு போட்டு அனுப்பும்போது, ஒரு புரோகிராமோட பாதி உயிர் ஒரு டிஸ்க்லயும் மீதி உயிர் இன்னொரு டிஸ்க்லயும் இருக்கும். எந்த ஒரு டிஸ்க் சொதப்பினாலும் அந்தப் புரோகிராம் போச்சு. டிஸ்க் கூடக் கூட வேகமும் கூடும், ரிஸ்க்கும் கூடும். வேகமான சங்கிலிதான், ஆனா ஒரு கண்ணி துருப்பிடிச்சிருந்தா மொத்தமும் அறும். நிக்கவே கூடாத சர்வர்கள்ல இதுக்காகத்தான் ஒரே சரக்கை ரெண்டு டிஸ்க்லயும் எழுதுற 'ரெய்டு 1' மேல ஸ்வாப் வைப்பாங்க. அதுல எழுதுற வேகம் கூடாது, ஆனா ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிக்காது.

அண்ணன் அந்த 41-ஐயே கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அந்த டிஸ்க்லதான்டா எங்க கல்யாண போட்டோ இருக்கு"ன்னார். ஸ்வாப்பை அப்படியே நிறுத்திட்டு, முதல்ல போட்டோக்களை வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணினோம். நல்லவேளை, எல்லாம் வந்துடுச்சு.

மிச்சம் ரெண்டு நல்ல டிஸ்க். ஒவ்வொண்ணுலயும் 4 ஜிபி ஸ்வாப், ஒரே நம்பர். இப்போ கடையில புரோகிராம் மாத்தும்போது ரெண்டு மூணு செகண்ட் யோசிக்கும். ஆனா விண்டோ மறையுறது இல்லை. சப்மிஷன் வாரத்துல அதுதானே வேணும்?

எப்படிப் பண்றது?

கட்டளைகளை இங்க தமிழ்ல எழுதியிருக்கேன். டெர்மினல்ல ஆங்கிலச் சின்ன எழுத்துலதான் அடிக்கணும். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பேக்கப், ப்ளீஸ்!

முதல் ஸ்டெப்: 'எல்எஸ்பிஎல்கே' அடிச்சு எந்த டிஸ்க் எதுன்னு பாருங்க. 'எஸ்டிஏ', 'எஸ்டிபி'ன்னு வரும். அளவை வச்சு அடையாளம் பிடிச்சுக்கங்க. இதுல மாறினா, அடுத்த ஸ்டெப்புல தப்பான பார்ட்டிஷன் அழிஞ்சிடும்.

ரெண்டாவது ஸ்டெப்: ஒவ்வொரு டிஸ்க்லயும் 'ஜிபார்ட்டட்' மூலமா 4 ஜிபிக்கு ஒரு பார்ட்டிஷன் உருவாக்கி, வகையை 'லினக்ஸ் ஸ்வாப்'னு தேர்ந்தெடுங்க. டெர்மினல்லயே பண்றவங்க 'எம்கேஸ்வாப்' கட்டளையைப் பயன்படுத்தலாம். பார்ட்டிஷனைத் தொடப் பயமா இருந்தா, டிஸ்க்குக்கு ஒரு ஸ்வாப் ஃபைல் வச்சாலும் போதும். ரூட்டைத் தவிர வேற யாரும் அதைப் படிக்க முடியாதபடி பர்மிஷனை மட்டும் 600-ஆ மாத்திடுங்க.

மூணாவது ஸ்டெப்: 'எஃப்எஸ்டேப்' ஃபைலைத் திறந்து ஸ்வாப்புக்கு ஒரு வரி சேருங்க. முதல்ல அந்த பார்ட்டிஷனோட யுயுஐடி. அடுத்து 'நன்'. அடுத்து 'ஸ்வாப்'. நாலாவதா 'எஸ்டபிள்யூ', 'பிஆர்ஐ=10', 'நோஃபெயில்' மூணும், நடுவுல கமா மட்டும் வச்சு, இடைவெளி விடாம. கடைசியில ரெண்டு 0. ரெண்டாவது டிஸ்க்குக்கும் இதே மாதிரி வரி, இதே 10. ஏற்கெனவே ஸ்வாப் இருந்தா அந்த வரியிலயும் நம்பரைச் சேர்த்துடுங்க. ஏன் யுயுஐடி? கேபிள் மாத்திச் சொருகினா 'எஸ்டிஏ' 'எஸ்டிபி' ஆயிடலாம், யுயுஐடி மாறாது. ஏன் 'நோஃபெயில்'? டிஸ்க்கைக் கழற்றிட்டு ஆன் பண்ணினா, அதைத் தேடிக்கிட்டு பூட் ஒன்றரை நிமிஷம் நிக்காம இருக்க.

நாலாவது ஸ்டெப்: ரீஸ்டார்ட். அப்புறம் 'ஸ்வாப்ஆன்' கூட ரெண்டு மைனஸ் போட்டு 'ஷோ'ன்னு அடிங்க. ரெண்டு வரி வரணும், கடைசிக் கட்டத்துல ரெண்டுக்கும் 10 இருக்கணும். இருந்தா... சக்சஸ்!

இதுக்கும் மேல ஒரு போனஸ், 'இசட்ரேம்'. ரேம்லயே ஒரு மூலையை ஒதுக்கி, பேஜ்களைச் சுருக்கி மடிச்சு அங்கேயே வைக்கிற டெக்னிக். குடோனுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி மேசைக்கு அடியிலேயே மூட்டையைக் கட்டி வைக்கிற மாதிரி. 2014-ல கெர்னல் 3.14-ல முழுசா சேர்ந்தது. ஃபெடோரா 2020-ல வந்த 33-வது வெர்ஷன்ல இருந்து இதைத் தானாவே போட்டுக் கொடுக்குது. மத்த லினக்ஸ்ல நீங்களே இன்ஸ்டால் பண்ணி, பிரயாரிட்டியை 100-ன்னு வச்சிடுங்க. முதல்ல இசட்ரேம், அப்புறம் எஸ்எஸ்டி, கடைசியா ஹார்ட் டிஸ்க். இதுதான் வரிசை.

லேப்டாப்காரங்களுக்கு ஒரு வார்த்தை. ஹைபர்னேட் பண்ற பழக்கம் இருந்தா, அந்த மொத்தப் படமும் ஒரே ஸ்வாப்லதான் உட்காரும். ரெண்டா பிரிச்சு எழுதாது. அதனால ஒரு ஸ்வாப்பாவது அதுக்குப் போதுமான அளவு பெரிசா இருக்கணும்.

எப்போ நிறுத்தணும்?

'ரேமைப் போல ரெண்டு மடங்கு ஸ்வாப்'னு சீனியர்கள் சொல்லுவாங்க. 2001-ல கெர்னல் 2.4-ஓட ஆரம்ப வெர்ஷன்களுக்கு அப்படி ஒரு தேவை இருந்தது. இப்போ இல்லை. 4 ஜிபி ரேம் இருக்கிற வீட்டு மெஷினுக்கு மொத்தமா 4-ல இருந்து 8 ஜிபி தாராளம். 50 ஜிபி வச்சா வேகம் கூடாது. ஏன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. 1 ஜிபின்னா 2,62,144 பேஜ். ஹார்ட் டிஸ்க் செகண்டுக்கு சுமார் 100 இடத்துக்குத்தான் தாவ முடியும். எல்லாப் பேஜும் சிதறிக் கிடந்தா, அந்த 1 ஜிபியைத் திரும்பக் கொண்டுவர 44 நிமிஷம்! ரெண்டு டிஸ்க் போட்டாலும் 22 நிமிஷம். கெர்னல் பக்கத்துப் பேஜ்களையும் சேர்த்தே அள்ளிட்டு வர்றதால நிஜத்துல இவ்வளவு மோசமாகாது. ஆனா திசை இதுதான்.

அதனால ஒரு டெஸ்ட். வேலை பார்த்துக்கிட்டே 'விஎம்ஸ்டாட் 1' அடிச்சு 'எஸ்ஐ', 'எஸ்ஓ'ங்கிற ரெண்டு கட்டத்தைப் பாருங்க. எப்பவாவது நம்பர் எகிறி 0-க்குத் திரும்பினா, ஸ்வாப் தன் வேலையைச் சரியா செய்யுது. நிமிஷக் கணக்கா ரெண்டுமே இறங்காம நின்னா, கடைப்பையன்கள் ஓடிக்கிட்டே இருக்காங்க, வியாபாரம் நடக்கலைன்னு அர்த்தம். அப்போ மூணாவது குடோன் தேடாதீங்க. மேசையைப் பெரிசாக்குங்க. பழைய மெஷினுக்கான ரேம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்டாவே கிடைக்கும். டிடிஆர் 3-யா 4-ஆன்னு மட்டும் பார்த்து வாங்குங்க.

தனியா பண்ணப் பயமா இருக்கா? புதுச்சேரியில ஃப்ரீ சாஃப்ட்வேர் ஹார்ட்வேர் மூவ்மென்ட், விழுப்புரத்துல குனு/லினக்ஸ் பயனர் குழு ரெண்டும் மாணவர்களுக்கு லினக்ஸ் சொல்லித் தர்றாங்க. தமிழ்லயே படிக்கணும்னா 2012-ல ஆரம்பிச்ச 'கணியம்' இருக்கவே இருக்கு.

அடுத்த வாரம் வேற ஒரு மேட்டரோட வர்றேன். அதுவரைக்கும் ஒரே ஒரு ஹோம்வொர்க்: உங்க டிஸ்க்கோட பெண்டிங் செக்டர் எவ்வளவுன்னு பார்த்து வையுங்க. 0 இல்லைன்னா, ஸ்வாப் அப்புறம்... பேக்கப் இப்பவே!